அயனி மூலம் வெறும் வாசற்படிதானா?

2023 ஜூன் 5, மாலை (வாசகர் கேள்வி)

எங்கள் துறைக்குப் புதிய ஆர்பிட்ராப் நிறை நிறமாலைமானி (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை அளக்கும் கருவி) வந்திருக்கிறது. 200 நிறையில் 1,40,000 பிரிதிறன், அதாவது நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன். அயனி மூலங்களில் மின்தெளிப்பு (கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்குவது) ஒன்றே போதும் என்று அதை மட்டும் வாங்கினோம். ஒரு பேராசிரியர் மட்டும் ஏபிசிஐயும் (கரைசலை ஆவியாக்கி அயனியாக்கும் இன்னொரு வகை மூலம்) வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நிறைகளைப் பிரித்துக் காட்டுவது பகுப்பான். அயனி மூலம் என்பது மாதிரி உள்ளே போகிற வாசற்படிதானே? அதற்கு ஏன் தனிச் செலவு?

ஜூன் 5, இரவு

ஒரு சொட்டு ஸ்குவாலீன் எடுங்கள். குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து கரைத்து உங்கள் மின்தெளிப்பில் ஏற்றுங்கள். 410.39 என்ற நிறை உள்ள மூலக்கூறு அது. ஒரு புரோட்டான் ஏறினால் வர வேண்டிய 411.3985இல் முகடு தேடுங்கள். கிடைத்தால் வந்து சொல்லுங்கள்.

பகுப்பானுக்கு மின்னூட்டம் உள்ளது மட்டும்தான் கண்ணில் படும். மின்னூட்டம் தருவது மூலத்தின் வேலை. அது கைவிட்ட மூலக்கூறு கருவியைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. மற்றபடி பிரிதிறனை மூலம் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அந்த மட்டில் உங்கள் வாசற்படி சரி.

ஜூன் 6, காலை

தலைப்பில் 'மூலம்' என்று இருப்பதைப் பார்த்து வைத்தியக் குறிப்பு தேடி வந்த ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அவருக்கு என் அனுதாபம். இனி 'அயனியாக்கி' என்றே எழுதுகிறேன். 'அதன் மூலம்', 'மூலக்கூறு' என்று ஒரே பத்தியில் எல்லாம் மோதிக்கொள்வதும் தவிரும்.

ஜூன் 6, இரவு

ஸ்குவாலீனை ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கதை இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி கீரைவிதை எண்ணெயிலிருந்து ஸ்குவாலீனைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்தார். அமராந்த் குடும்பத்துக் கீரை, விதையில் ஸ்குவாலீன் உள்ளது. என்எம்ஆர் (காந்தப்புலத்தில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஆனால் இதழ் ஆசிரியருக்கு உயர் பிரிதிறன் நிறை வேண்டும், பிழை 5 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) வேண்டும். மின்தெளிப்பில் ஓட்டினோம். ஒன்றும் இல்லை. செறிவைப் பத்து மடங்கு கூட்டினோம். அப்போதும் இல்லை. திரையில் இருந்ததெல்லாம் 391, 445 என்ற இரண்டு பழைய விருந்தாளிகள்தான் (இவர்களைப் பற்றிப் பிறகு). அந்தப் பெண்ணுக்குத் தன் பொருள் மீதே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது கார்பன், ஐம்பது ஹைட்ரஜன். ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜன் இல்லை. மின்தெளிப்பின் துளிக்குள் புரோட்டானைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த மூலக்கூறில் சரியான கைப்பிடி கிடையாது.

கடைசியில் துளியளவு வெள்ளி நைட்ரேட்டை மெத்தனாலில் கரைத்துச் சேர்த்தோம். வெள்ளி அயனி இரட்டைப் பிணைப்பைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஓட்டத்தில் 517.2958, 519.2955 என்று இரண்டு முகடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் எழுந்து நின்றன. வெள்ளியில் 107, 109 என்று இரண்டு ஐசோடோப்புகள் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருப்பதால் இந்த இரட்டையைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அதில் ஒரு வேடிக்கை: 519.1388இல் இன்னொரு முகடும் இருந்தது. அது சிலோக்சேன் என்ற சிலிக்கன் சேர்மம், காற்றிலிருந்து வந்தது. முழு எண் மட்டும் காட்டும் கருவியாக இருந்தால் இரண்டும் ஒரே 519 ஆகியிருக்கும். இங்கே 0.157 இடைவெளியில் இரண்டும் தனித்தனியாக நின்றன.

பிறகு ஒரு வாரம் யாருடைய மாதிரியை ஓட்டினாலும் வெள்ளி வந்தது. என் வாழ்க்கையில் வெள்ளி சேர்ந்தது அந்த ஒரு வாரம்தான்.

ஜூன் 7

மேலே எழுதியதை ஒருவர் படித்துவிட்டு 'கொலஸ்டிராலில் ஆக்சிஜன் இருக்கிறதே, அது வருமா' என்கிறார். வரும், ஆனால் ஒழுங்காக வராது. 387.3622இல் வர வேண்டியது, அயனியாக்கியிலேயே ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டு 369.3516இல் வந்து நிற்கும். இது தெரியாதவர் 369க்கு ஒரு புதுச் சேர்மம் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிடுவார். இப்படி உள்ளே நுழையும் முன்பே உடைவதுதான் எனக்கு அயனியாக்கியில் மிகவும் வெறுப்பானது. அளவு துல்லியம், வாய்பாடு துல்லியம், மூலக்கூறு மட்டும் வேறு.

ஜூன் 9, இரவு

முதல் நாள் இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். 'பிரிதிறனை மூலம் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை' என்று வீராப்பாக எழுதிவிட்டேன். ஆர்பிட்ராப் நினைப்பில் எழுதியது. பொதுவாகப் பார்த்தால் தவறு.

பழைய இரட்டைக் குவியக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒன்று, மின்புலப் பகுதி ஒன்று. அந்த மின்புலப் பகுதி எதற்கு? அயனியாக்கியிலிருந்து புறப்படும் அயனிகள் எல்லாம் ஒரே ஆற்றலோடு புறப்படுவதில்லை. அந்தச் சிதறலை ஈடுகட்டத்தான் அது. அதாவது அயனியாக்கியின் குறைக்காகவே கருவியில் பாதியைக் கட்டியிருக்கிறார்கள்.

பறத்தல் நேரக் கருவியில் (அயனி ஒரு தூரத்தைக் கடக்கும் நேரத்தை வைத்து நிறை காண்பது) இது இன்னும் பச்சையாகத் தெரியும். மால்டியில் (மாதிரியைத் துணைப்பொருள் ஒன்றில் கலந்து லேசரால் அயனியாக்கும் முறை) லேசர் பட்டதும் அயனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்பும். ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்கு முன்னாலேயே சிலர் ஓட ஆரம்பித்தால் நேரத்தை அளந்து என்ன பயன்? லேசர் அடித்தவுடன் இழுக்காமல், சில நூறு நானோ நொடிகள் பொறுத்து மின்னழுத்தம் கொடுத்தால் பின்தங்கிய அயனிகளுக்குக் கூடுதல் தள்ளு கிடைத்து எல்லாம் கடைசியில் சேர்ந்து வந்துவிடும். அடிப்படைக் கருத்து வைலி, மக்லாரன் 1955இல் எழுதியது. மால்டிக்கு அது பரவலாக வந்தது 1995 வாக்கில். அதற்கு முந்தைய மால்டி நிறமாலைகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: முகடு என்று சொல்ல முடியாது, மணல்மேடு.

உங்கள் ஆர்பிட்ராப்பில் அயனிகளை ஒரு வளைந்த பொறியில் சேர்த்து, நைட்ரஜன் வாயுவில் மோதவிட்டுக் குளிரவைத்து, பிறகு மொத்தமாக உள்ளே வீசுகிறார்கள். அதனால்தான் அயனியாக்கியின் அடாவடி உள்ளே தெரிவதில்லை. வெளியே சாதாரணக் காற்றழுத்தம். உள்ளே ஒரு மில்லிபாரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

ஜூன் 10

மின்தெளிப்பு பல மின்னூட்டம் தருவதால் பிரிதிறன் தேவை குறைகிறது என்று எழுத உட்கார்ந்தேன். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டதும் நின்றுவிட்டேன்.

மயோகுளோபின் என்ற புரதம், ஹீம் என்ற இரும்புப் பகுதி இல்லாமல் 16,951. கருவி காட்டுவது நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண் என்பதால், இருபது புரோட்டான் ஏறினால் 848.56இல் வரும். ஐசோடோப்பு முகடுகளுக்கு இடையே இருபதில் ஒரு பங்கு, 0.05. பிரிக்கத் தேவை 848.56ஐ 0.05ஆல் வகுத்தால் சுமார் 17,000. மால்டியில் ஒற்றை மின்னூட்டம் என்றால் 16,952இல் வரும், இடைவெளி 1. வகுத்தால் அதே 17,000. மின்னூட்டம் எத்தனை ஆனாலும் தேவை மாறுவதில்லை. நான் இத்தனை வருடம் மாணவர்களிடம் மாற்றிச் சொல்லிவந்திருக்கிறேன்.

ஜூன் 10, ஒரு மணி நேரம் கழித்து

முழுதும் தவறில்லை, கொஞ்சம் மானம் தப்பியது. தேவை மாறாது, ஆனால் கையிருப்பு மாறும். ஆர்பிட்ராப்பின் பிரிதிறன் நிறை-மின்னூட்ட விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 200இல் 1,40,000 என்றால் 848இல் சுமார் 68,000. தேவை 17,000, தாராளம். அதே கருவி 16,952 வரை அளக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் (சாதாரண ஆர்பிட்ராப் அவ்வளவு தூரம் போகாது) அங்கே மிஞ்சுவது சுமார் 15,000. போதாது. ஆக அதே புரதம், அதே பகுப்பான்; ஒரு அயனியாக்கியோடு சேர்ந்தால் பிரியும், இன்னொன்றோடு சேர்ந்தால் பிரியாது. வாசற்படி என்றவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஜூன் 12

445.1200. சொன்னேனே, பழைய விருந்தாளி. ஆறு அலகு சிலோக்சேன் வளையம், ஒரு புரோட்டான். முகப்பூச்சு, வியர்வை நாற்றம் போக்கும் குச்சி, சிலிக்கோன் குழாய், எல்லாவற்றிலிருந்தும் காற்றில் ஏறும். மின்தெளிப்புக் கருவி, இருக்கும் அறையின் காற்றை நேராக உறிஞ்சுவதால் தப்பிக்க வழியில்லை. 371, 445, 519 என்று 74.0188 இடைவெளியில் படிக்கட்டு போல வரும்.

2005இல் இந்த அழுக்கையே அளவுகோலாக்கினார்கள். எப்போதும் இருக்கிற முகடு, நிறை மிகத் துல்லியமாகத் தெரியும். பிறகு ஏன் தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்? ஒவ்வொரு ஓட்டத்திலும் அதை வைத்து மற்றவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை குளிர்சாதன வடிகட்டிகளையெல்லாம் புதிதாக மாற்றினார்கள். காற்று சுத்தம். 445 படுத்துவிட்டது. கருவி 'அளவுகோல் நிறை கிடைக்கவில்லை' என்று மணிக்கொரு தரம் முனகியது. சக ஊழியர் ஒருவர் தன் பையிலிருந்து அக்குளில் தடவும் குச்சியை எடுத்து மூடியைத் திறந்து அயனியாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். முகடு எழுந்தது. அந்தக் குச்சி மூன்று மாதம் அங்கேயே இருந்தது, 'தரக் கட்டுப்பாட்டுப் பொருள், தொடாதே' என்ற சீட்டோடு.

ஜூன் 13

எலக்ட்ரானின் நிறையை மறக்காதீர்கள். 0.00055. ஒன்றுமில்லை போலத் தெரியும். காஃபீனுக்கு மின்தெளிப்பில் 195.0877 வர வேண்டும். ஹைட்ரஜன் அணுவின் நிறையைக் கூட்டியவருக்கு 195.0882 வரும். ஏறியது புரோட்டான், ஹைட்ரஜன் அல்ல. வித்தியாசம் 2.8 பிபிஎம். இதழ் தரும் 5 பிபிஎம்மில் பாதிக்கு மேல் கணக்குப் பிழையிலேயே போய்விட்டது. எலக்ட்ரான் மோதலில் (வேக எலக்ட்ரான்களால் தாக்கி அயனியாக்கும் முறை) அதே காஃபீன் ஓர் எலக்ட்ரானை இழந்து 194.0798இல் நிற்கும். எந்த அயனியாக்கி என்று எழுதாமல் நிறையை மட்டும் அட்டவணையில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஜூன் 15

எலக்ட்ரான் மோதல் பழங்காலத்துச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டையாக்சின் என்ற நச்சை அளப்பவர்களிடம் போய் அப்படிச் சொல்லுங்கள். காந்தக் கருவி, 10,000 பிரிதிறன், எலக்ட்ரான் மோதல். 70 எலக்ட்ரான் வோல்ட் அல்ல, சுமார் 35இல் வைப்பார்கள். கூடவே ஃபுளூரின் ஏறிய மண்ணெண்ணெய் ஒன்றை ஓயாமல் கசியவிட்டு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். நம் அக்குள் குச்சிக்கு அது பாட்டன்.

70 ஏன் வழக்கமானது? அந்த ஆற்றலில் எலக்ட்ரானின் அலைநீளம் 1.47 ஆங்ஸ்ட்ராம். கார்பன்-கார்பன் பிணைப்பின் நீளத்துக்குப் பக்கம். ஆற்றல் மாற்றம் அங்கே நன்றாக நடக்கும், சிறிது ஏறி இறங்கினாலும் அயனி எண்ணிக்கை பெரிதாக மாறாது. உலகம் முழுக்க ஒரே எண்ணில் வைத்ததால்தான் நிறமாலை நூலகங்கள் சாத்தியமாயின. மின்தெளிப்பில் அப்படி ஓர் உலக எண் இல்லை.

ஜூன் 18

இரண்டு நாள் கருவி படுத்திருந்தது. யாரோ பாஸ்பேட் தாங்கல் கரைசலில் தயாரித்த மாதிரியை, யாரிடமும் சொல்லாமல், வரிசையில் நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாஸ்பேட் ஆவியாகாது. காலையில் அயனியாக்கியைக் கழற்றினால் நுழைவுக் கூம்பின் மேல் வெள்ளைப் பொருக்கு, தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த மாவு மாதிரி. நகத்தால் சுரண்டாதீர்கள், சொல்லிவிட்டேன். மெத்தனால், தண்ணீர், கொஞ்சம் ஃபார்மிக் அமிலம், மீயொலித் தொட்டியில் கால் மணி நேரம். பிறகும் பழைய உணர்திறன் திரும்ப அரை நாள் ஆனது. அம்மோனியம் ஃபார்மேட், அம்மோனியம் அசிடேட் என்று ஆவியாகிற உப்புகள் எதற்கு இருக்கின்றன?

திரும்பப் பூட்டியதும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஊசிமுனையைப் பார்த்தேன். எனக்கு இது பழக்கம், திரையை நம்புவதற்கு முன் கண்ணால் பார்ப்பது. சரியான தெளிப்பு என்றால் ஊதுவத்திப் புகை போல மெல்லியதாக, அசையாமல் இருக்கும். அழுக்கு இருந்தால் துப்பும். துளிகள் தனித்தனியாக மின்னும், மொத்த அயனி மின்னோட்டம் ரம்பப் பல் போல ஆடும். எதிர்மின் முறையில் மின்னழுத்தம் கூடிவிட்டால் முனையில் நீல ஒளி தெரியும். அது அழகு, ஆனால் உடனே குறையுங்கள். அது தெளிப்பு அல்ல, மின்வெளியேற்றம்.

ஜூன் 19

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. 1968இல் மால்கம் டோல் பாலிஸ்டைரீனை மின்தெளிப்பில் அயனியாக்கப் பார்த்தார். ஜான் ஃபென் அதை 1984இல் நிறை நிறமாலைமானியோடு சேர்த்தார், 1988 வாக்கில் புரதங்களைக் காட்டினார். ஜப்பானில் கோய்ச்சி தனாகா 1985இல் கோபால்ட் நுண்தூளில் அசிட்டோனுக்குப் பதில் தவறுதலாகக் கிளிசராலைக் கலந்துவிட்டார். கொட்ட மனமில்லாமல் அதையே லேசரில் வைத்தார், பெரிய மூலக்கூறு உடையாமல் வந்தது. கொட்ட மனமில்லாத சிக்கனத்துக்குக் கிடைத்த நோபல் வேறு உண்டா என்று தெரியவில்லை. 2002இல் இருவருக்கும் பங்கு. பட்டப்படிப்போடு வேலைக்குப் போனவர் தனாகா, முனைவர் பட்டம் இல்லை. இன்று நாம் மால்டி என்று பயன்படுத்துவது பெரும்பாலும் ஹிலன்காம்ப், கராஸ் இருவரும் ஜெர்மனியில் வளர்த்த முறை. அவர்களுக்கு நோபல் இல்லை. எனக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

ஜூன் 21

ஐசிபி (தனிமங்களை அளக்கப் பிளாஸ்மாவில் அயனியாக்கும் முறை) பற்றிக் கேட்டவருக்கு: அது இந்த வாதத்தின் தலைகீழ். ஆர்கான் பிளாஸ்மாவில் எல்லாம் அணுக்களாக உடைந்து அயனியாகும். ஆனால் ஆர்கானே ஆக்சிஜனோடு சேர்ந்து 55.9573இல் உட்கார்ந்துகொள்ளும், இரும்பு 55.9349. பிரிக்க 2,500 பிரிதிறன் போதும். ஆர்செனிக் 75க்கு ஆர்கான் குளோரைடு குறுக்கே வரும்; அதற்கு 7,800 வேண்டும். கடல்நீரில் ஆர்செனிக் அளந்தவர்களுக்கு இந்த எண் கனவிலும் வரும். அயனியாக்கி செய்த குறும்பைத் தீர்க்கப் பகுப்பானுக்கு இவ்வளவு செலவு.

இன்னொரு பக்கம், செலவே இல்லாத அயனியாக்கிகளும் உண்டு. 2004இல் பர்டியூவில் கிரஹாம் குக்ஸ் குழு, மாதிரியின் மேலேயே மின்தெளிப்பை அடித்து அயனிகளைக் கிளப்பிக் காட்டியது, தயாரிப்பே தேவையில்லை. 2014இல் சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவும் அதே குக்ஸும் சேர்ந்து, கார்பன் நானோகுழாய் பூசிய காகித முனையிலிருந்து சில வோல்ட்டிலேயே அயனிகள் வருவதைக் காட்டினார்கள். வழக்கமாகக் காகிதத் தெளிப்புக்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும்.

ஜூன் 24

கேள்வி கேட்டவர் (தம்பியோ தங்கையோ தெரியவில்லை) திரும்பி வந்திருக்கிறார். ஸ்குவாலீன் வரவில்லையாம். ஏபிசிஐக்கு எவ்வளவு ஆகும் என்கிறார். பல கருவிகளில் அது முழு அயனியாக்கி அல்ல. அதே உறைக்குள் ஒரு சூடாக்கும் குழாயும் ஒரு கொரோனா ஊசியும் மாற்றினால் போதும். பட்டியல் கேளுங்கள், உங்கள் பேராசிரியரிடம் மன்னிப்பும் கேளுங்கள். ஏபிசிஐயில் கரைப்பான் முதலில் ஆவியாகி, அந்த வாயுதான் புரோட்டானைக் கைமாற்றும். துளிக்குள் மின்னூட்டம் இருக்க வேண்டிய அவசியம் இல்லாததால் ஸ்டெராய்டு, கொழுப்பு, ஸ்குவாலீன் எல்லாம் வரும். புரதம் வராது, சூட்டில் வெந்துவிடும்.

ஜூன் 26

அவரே மறுபடி. தான் ஆராயும் ஓர் இலைச் சாற்றில் 391.2842இல் வலுவான முகடு, இருபத்து நான்கு கார்பன், முப்பத்தெட்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன், பிழை 0.3 பிபிஎம், உடைத்தால் 149.0233. புதிய இயற்கைச் சேர்மமாக எழுதலாமா என்கிறார்.

இலை வைக்காமல் வெறும் மெத்தனாலை ஓட்டிப் பாருங்கள்.

ஜூன் 27

அதிலும் இருக்கிறதாம். முன்பு சொன்ன 391 என்ற பழைய விருந்தாளி இதுதான்: தாலேட்டு, பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது. இலைச் சாறு வடித்த பிளாஸ்டிக் குப்பி, அல்லது கரைப்பான் போகும் குழாய். முதலில் குப்பியைக் கண்ணாடியாக மாற்றுங்கள்.